தண்ணீரில் ஓடும் கார்: ஒரு சின்னக் கணக்கு

போன மாதம் மச்சான் போன் பண்ணினார். காரில் ஒரு கிட் மாட்டினால் அது தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்குமாம், பெட்ரோல் பாதி மிச்சமாம். விலை 25,000 ரூபாய். "நீ இன்ஜினியர்தானே மாப்ள, வாங்கலாமா சொல்லு" என்றார். நான் சாஃப்ட்வேர்க்காரன். இருந்தாலும் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மின்னாற்பகுப்பு ஒன்றும் மந்திரம் இல்லை. தண்ணீரில் இரண்டு தகடு, டிசி கரண்ட், அவ்வளவுதான். சுத்தமான தண்ணீர் கரண்டைச் சரியாகக் கடத்தாது, அதனால் கொஞ்சம் காஸ்டிக் சோடா சேர்ப்பார்கள். (சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும். வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்.) எதிர்மின்வாயில் தண்ணீர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஹைட்ரஜனை விடுகிறது, நேர்மின்வாயில் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு ஆக்சிஜன் வருகிறது.

எவ்வளவு வரும்? 1830களிலேயே மைக்கேல் ஃபாரடே சொல்லிவிட்டார்: எவ்வளவு மின்னூட்டம் பாய்கிறதோ அதற்குத் தக்கபடிதான் பொருள் விளையும். ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம் 96,485 கூலோம்.

10 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 10 × 3600 = 36,000 கூலோம். 96,485 ஆல் வகுத்தால் 0.373 மோல் எலக்ட்ரான். இதையே ஹைட்ரஜனின் அளவு என்று எடுத்துக்கொண்டு, அரை நாள் தப்பான விடையோடு சுற்றினேன். ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு இரண்டு எலக்ட்ரான் வேணும்! ஆக 0.187 மோல், எடையில் 0.38 கிராம், அறை வெப்பநிலையில் நாலரை லிட்டர் வாயு. ஆக்சிஜன் மூலக்கூறுக்கு நாலு எலக்ட்ரான்; அது 0.093 மோல், சுமார் 3 கிராம். இரண்டையும் கூட்டினால் செலவான தண்ணீர் 3.4 கிராம். ஒரு டீஸ்பூன்கூட இல்லை.

கவனிச்சீங்களா, இதில் வோல்ட் எங்கேயுமே வரவில்லை. வாயுவின் அளவைத் தீர்மானிப்பது கரண்டும் நேரமும்தான். வோல்ட் வருவது செலவுக் கணக்கில்.

கிட்டில் ஆறு செல்லை வரிசையாக இணைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே 10 ஆம்பியர் ஒவ்வொரு செல்லிலும் ஓடுவதால் ஹைட்ரஜன் ஆறு மடங்கு, சுமார் 2.3 கிராம். எரித்தால் 320 கிலோஜூல். செலவான மின்சாரமோ 12 × 10 × 3600, அதாவது 432 கிலோஜூல். அந்த மின்சாரம் எங்கிருந்து வருது? ஆல்டர்னேட்டரிலிருந்து, அதைச் சுற்றுவது அதே பெட்ரோல். கிடைக்கிற 320 கிலோஜூல் ஏறக்குறைய 10 மில்லி பெட்ரோலுக்குச் சமம். கார் ஒரு மணி நேரத்தில் குடிப்பது லிட்டர் கணக்கில்.

கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அட்வான்ஸ் 5,000 கொடுத்தாச்சாம். மீதியைக் கொடுக்காதீங்க என்று சொல்லியிருக்கேன், இன்னும் பதில் வரலை.