போருக்கு முந்திய கார்

"போருக்கு முந்திய கார்" என்னுந் தொடர் இடத்துக்கிடம் பொருள் வேறுபடுவது. ஆங்கில நாட்டார் அத்தொடரால் 1939ஆம் ஆண்டுக்கு முன் ஆக்கப்பட்ட கார்களைக் குறிப்பர். ரோல்ஸ் றொய்ஸ், பென்ற்லி, டெயிம்லர் முதலிய செல்வர் ஊர்திகள் அவற்றுள் தலையாயவை. அவற்றை வீட்டுக் கொட்டிலில் நிறுத்தி, ஆணி ஆணியாகக் கழற்றிப் பூட்டுதலை ஓர் அருங்கலையாகவே அந்நாட்டார் போற்றுகின்றனர். யாழ்ப்பாணத்தாராகிய நமக்கோ போர் என்பது 1983இல் மூண்ட போர். அதற்கு முன்னரே நம் முற்றங்களில் நின்ற ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் என்பனவே நமக்குப் போருக்கு முந்திய கார்கள். பிறந்த நாட்டில் இவை நடுத்தர மக்களின் ஊர்திகள். ஆயினும், ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய எழுதுவினைஞர்க்கும் ஆசிரியர்க்கும் இவையே பெருஞ்செல்வம்.

இவை எவ்வாறு இத்துணைக் காலம் உயிர் வாழ்ந்தன என்று கேட்பாருளர். இரும்பின் உறுதி என்பது அரைகுறை விடை. மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த இக்கார் 1948இல் இலண்டன் கண்காட்சியில் வெளிவந்தது; பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையைக் கடந்த முதற் பிரித்தானியக் கார் இதுவே. இதனோடு வந்த கைந்நூல், உரிமையாளன் தானே மூடியைத் திறந்து பார்ப்பான் என்ற நம்பிக்கையோடு எழுதப்பட்டது. பிளக்கின் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு. வால்வின் இடைவெளி ஆயிரத்தில் 12 பங்கு. இவ்வாறு ஒவ்வோர் அளவும் அதில் உண்டு. பற்றறி இறந்துபடின் முன்னே கைபிடியைச் செருகிச் சுழற்றலாம். கைக்கும் கண்ணுக்கும் எட்டாத இரகசியம் எதுவும் அதனுள் இல்லை.

எனினும், இங்கிலாந்தில் எழுதிய கைந்நூல் யாழ்ப்பாணத்து மண்ணை அறியாது. நம் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேற் கிடப்பது. கிணற்று நீரை றேடியேற்றரில் ஊற்றினால், கேத்திலில் படிவதுபோல அதன் நுண்குழாய்களிலும் சுண்ணாம்பு படிந்து அடைத்துவிடும். ஆதலால் என் தந்தையார் மாரி மழைநீரைப் பானையிற் பிடித்து, காருக்கென மூடி வைப்பார். கடற்காற்றின் உப்போ அடித்தகட்டை அரிக்கும். முன்சில்லைத் தாங்கும் மூட்டுக்களுக்குத் தவறாது கிறீஸ் ஊட்டல் வேண்டும். ஊட்டாதொழியின் மூட்டுத் தேய்ந்து, ஓடும்போதே சில்லு மடிந்து வீழும். மைனர் வைத்திருப்போர் யாவரும் அஞ்சும் ஆபத்து இதுவே.

1990இல் போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் துளியளவாயிற்று, மண்ணெண்ணெயே எஞ்சியது. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடேறினாலன்றி ஆவியாகாது. ஆதலின் சிறு போத்தலிற் காத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்கு ஊட்டி எஞ்சினை எழுப்பி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். இது நம்மவர் அறிவின் விளைவேயாயினும் உலகில் முன்னில்லாத புதுமையன்று. பேர்கஸன் உழவு இயந்திரத்தின் ஒருவகை பெற்றோலில் எழும்பிப் பின்னர் மண்ணெண்ணெய் போன்ற மலிந்த எரிபொருளில் ஓடுமாறே ஆக்கப்பட்டது. தொழிற்சாலை உழவு இயந்திரத்துக்குச் செய்ததை நம் தொழிலாளர் குடும்பக் காருக்குச் செய்தனர்.

பழைய எஞ்சின் அதற்கு இடங்கொடுத்தது. எரிவாயுவை அது அழுத்தும் அளவு குறைவு. ஒஸ்ரின் ஏ-40இல் அஃது ஏறக்குறைய 7க்கு 1. இக்காலக் கார்களிலோ 10க்கு 1 அளவிலும் அதற்கு மேலும் உண்டு. அழுத்தம் மிகுந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் தட்டி முழங்கித் தன்னையே அழித்துக்கொள்ளும். நம் நிலமும் துணை செய்தது. மலையும் மேடும் இல்லாத குடாநாட்டில், வலுக்குன்றிய காரும் யாழ்ப்பாண நகரிலிருந்து இருபது மைலளவான பருத்தித்துறைக்குச் சென்று மீளும். கண்டிச் சாலையின் ஏற்றங்களில் இது நடந்திராது.

ஆனால் மண்ணெண்ணெய் தன் கூலியை வாங்காமல் விடுவதில்லை. எரியாத பகுதி பிஸ்ரன் றிங்குகளின் வழியே கசிந்து கீழே ஒயிலோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். எங்கள் ஊர்க் கராச்சில் முதியவர் ஒருவர் இருந்தார். ஒயில் குறைந்தால் யாவரும் அஞ்சுவர். அவரோ ஒயில் மட்டம் கூடினால் அஞ்சுவார். நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, எந்தத் தாங்கி தேய்ந்தது என்று கூறுவார். வியந்து நின்ற என் தந்தையாரிடம், "மாஸ்ரர், சத்தத்தைக் கேளுங்கோ, நோவு எங்கை எண்டு அதுவே சொல்லும்" என்றார்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் இடம்பெயர்ந்தது. அன்று எங்கள் மைனரில் ஒரு கரண்டி மண்ணெண்ணெயும் இல்லை. தந்தையார் மின்பொறியைப் பகிர்ந்தளிக்கும் சிறு றோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு, எம்மோடு நடந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். 1996இல் நாங்கள் மீண்டபோது கூரை சிதைந்திருந்தது. கார் இருந்த இடத்திலேயே இருந்தது. வயர்களை எலி தின்றிருந்தது. கராச்சு முதியவர் மூன்று நாள் முயன்று அதனை எழுப்பினார். அவர் ஒன்றையும் எழுதி வைத்தாரல்லர். இன்று அவரும் இல்லை, தந்தையாரும் இல்லை. காரை நான் பேணுகின்றேன். ஒயிலைப் பார்க்கும் வழக்கம் என்னிடம் உண்டு. அவருடைய செவி என்னிடம் இல்லை.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையை இவ்விடத்து நினைக்கின்றேன். 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய அப்பெரியார், செல்லும் ஏடும் கறையானும் தமிழை முந்திக்கொள்ளாமல் தாம் முந்தினார். ஏடு அழியும் முன் எழுத்தைப் பெயர்த்தெடுத்தல் அவர் செய்த தொண்டு. காரைப் பேணுதலும் ஒருவகைப் பதிப்புத் தொழிலே. மூல உறுப்பு எது, பிற்காலத்துப் பட்டறையில் கடைந்து சேர்த்த இடைச்செருகல் எது என்று அறிதல் வேண்டும். மைனரின் உடலில் ஜப்பானிய எஞ்சினைப் பொருத்துவோரும் உளர். அது குற்றமன்று, ஆனால் மாற்றியது இன்னதென்று குறியாது விடின், அடுத்துத் திறப்பவன் இருட்டிலே தடவுவான்.

இரும்புக்கு இனிப் பஞ்சமில்லை. 1990களில் நாம் ஒரு பிளக்குக்கு ஏங்கிய காலத்தில், இவ்விலங்கையின் தென்பாகத்திலேயே மைனருக்குரிய பாகங்கள் ஆக்கப்பட்டுப் பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாயின. பாகங்களை இன்றும் பிரித்தானியாவிலிருந்து தருவிக்கலாம். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியும் 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. விலை கொடுத்தும் வாங்க இயலாதது, தடைக்காலத்தில் நம் தொழிலாளர் கண்டறிந்த அறிவொன்றே. எத்துணைச் சூடேறியதும் எரிபொருளை மாற்றினர், எத்தனை நாளைக்கொருமுறை ஒயிலைக் கொட்டினர், உடைந்த உறுப்புக்கு எதைக் கொண்டு மாற்றுறுப்புச் செய்தனர் என்பன அவர்கள் நெஞ்சிலும் கையிலுமே உள்ளன. அக்காலத்து இளைஞர் இன்று முதுமையை அணுகுகின்றனர்.

ஆகவே மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் முதிய மெக்கானிக் ஒருவர் இருப்பின், கொப்பி ஒன்றோடு அவர் அருகில் அமர்க. அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதுக. இலக்கணம் பார்த்துத் திருத்தற்க. அவர் உறுப்புக்களுக்கு இட்டு வழங்கும் பெயர்கள் எவ்வகராதியிலும் ஏறாதவை. அவற்றைத் தொகுத்து ஒழுங்கு செய்யும் பணியைத் தமிழாசிரியராகிய நாங்கள் ஏற்கக் கடமைப்பட்டுள்ளோம்.