நாக்கிங்: நிஜமா, பொய்யா?

கோடை லீவில் எங்க சித்தப்பா, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்காகத் தன் காரை ராஜபாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தயார் செய்தார். நானும் கூடவே இருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் வண்டி இழுக்கவே இல்லை. லேப்டாப்பில் ‘நாக்கிங்’ என்று காட்டியது.

நாக்கிங் என்றால் என்ன? ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ முழுதும் பரவுவதற்குள், மிச்சமுள்ள பெட்ரோல் கலவை தானாகவே வெடிப்பது. தொடர்ந்தால் பிஸ்டன் உடையும். இன்ஜினில் முடுக்கியுள்ள நாக் சென்சார் அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றும். 80 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் அது விநாடிக்குச் சுமார் 7,000 அதிர்வு. உடனே கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும், இழுவை குறையும். ஆனால் பக்கத்தில் ஏதாவது லூசாக ஆடினாலும் சென்சார் அதை நாக்கிங் என்றே நினைத்துவிடலாம்!

“சென்சார் சொல்றதைக் கண்டுக்காத மாதிரி செட் பண்ணிருவோமா?” என்றார் சித்தப்பா.

“வேணாம்ண்ணே, நிஜமா இருந்தா இன்ஜினே போயிரும்” என்றார் மெக்கானிக்.

ஸ்பார்க்கை 3 டிகிரி தாமதப்படுத்தி, அதே மாதிரி மறுபடி ஓட்டினார். நிஜ நாக்கிங் என்றால் குறையணும். குறையவே இல்லை! அப்போ வேறு சத்தம்தான். தேடியதில், இன்ஜினை ஒட்டிய ஒரு தகடு லூசாக ஆடியது. போல்ட்டை முடுக்கினார். ரீடிங் நின்றது. பழைய டைமிங்கை வைத்ததும் வண்டி நல்லா இழுத்தது.

புகார் வந்தால் உடனே நம்பவும் கூடாது, சொன்னவர் வாயை மூடவும் கூடாது. சோதித்துப் பார்க்கணும். சரிதானே நண்பர்களே?