இழுவைப் பெட்டியின் விளக்கும் மின்னோட்டத்தின் மீள்வழியும்

அறுவடைக் காலத்து இரவுகளில் நெல் மூடைகள் ஏற்றிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு உழவியந்திரங்கள் வீதிகளிற் செல்லுதல் யாவரும் அறிந்த காட்சியாகும். இழுக்கும் இயந்திரத்தின் பின்விளக்குகளைப் பெட்டி மறைத்துவிடுகின்றது. ஆகவே, பின்னால் விரைந்து வருபவனுக்குப் பெட்டியின் இரு சிவந்த விளக்குகளே எச்சரிக்கை. அவை அவிந்துவிடின் இருளில் அவன் பெட்டியின்மீது மோதுதல் கூடும். எனவே, அவ்விளக்குகளின் பழுதறிதல் உயிர்காக்குஞ் செயலாகும்.

விளக்கு எரியாவிடத்து மின்குமிழை மாற்றுதலே பலரும் முதலிற் செய்வது. குமிழின் இழை அறுந்திருப்பின் அது தக்கதே. புதுக் குமிழும் மங்கி எரியுமாயின் குறை வேறிடத்தில் உளது. மின்னோட்டமானது மின்கலவடுக்கிலிருந்து உருகி, ஆளி, செருகி என்பவற்றினூடாகக் குமிழை அடைந்து, மீண்டும் மின்கலவடுக்கையே சேர்தல் வேண்டும். போகும் வழியை ஆராய்வோர் பலர்; மீளும் வழியை நினைப்போர் சிலர். குறைகளிற் பெரும்பாலன இம்மீள்வழியிலேயே நிகழ்கின்றன.

இதற்குக் காரணம் செருகியின் அமைப்பிலேயே புலனாகும். 12 உவோற்று வண்டிகளுக்குரிய ஐ.எஸ்.ஓ. 1724 நியமத்தின்படி அமைந்த ஏழுமுனைச் செருகியில் 1ஆம், 4ஆம் முனைகள் இட, வலத் திருப்பு விளக்குகளுக்கும், 7ஆம், 5ஆம் முனைகள் இட, வலப் பின்விளக்குகளுக்கும், 6ஆம் முனை தடுப்பு விளக்குகளுக்கும், 2ஆம் முனை மூடுபனி விளக்குக்கும் உரியன. 3ஆம் முனை ஒன்றே யாவற்றுக்கும் பொதுவான மீள்வழியாகும்.

21 உவாற்றுத் தடுப்புக் குமிழ்கள் இரண்டும், 5 உவாற்றுப் பின்குமிழ்கள் இரண்டும், 21 உவாற்றுத் திருப்புக் குமிழ் ஒன்றும் ஒருங்கே எரியுங்கால் மொத்தம் 73 உவாற்று. மின்னோட்டம் ஏறத்தாழ 6 அம்பியர். குமிழ்கள் அனைத்தினதும் கூட்டுத்தடை சுமார் 2 ஓம். துருவினால் மீள்வழியில் 1 ஓம் தடை சேருமாயின், ஓமின் விதிப்படி அழுத்தத்தில் மூன்றிலொரு பங்கு, அஃதாவது ஏறத்தாழ 4 உவோற்று, அங்கேயே வீணாகும். அப்போது ஒளி நான்கிலொரு பங்களவாகக் குறைந்துவிடும்.

மீள்வழி முற்றாக அறுந்தால், மின்னோட்டம் ஏனைக் குமிழ்களின் இழைகளினூடே வழிதேடும். திருப்பு விளக்கை இட்டவுடன் தடுப்பு விளக்குகளும் மங்கலாக மினுங்குதல் இதன் அடையாளம். பெட்டியைக் கொளுவும் இரும்புப் பூட்டே சில வேளை மீள்வழியாக உதவுவதால், நேரே செல்லுங்கால் எரியும் விளக்கு வளைவில் அவிதலும் உண்டு.

பழுதறியுமிடத்துச் சுற்றை இரண்டாகப் பகுத்தல் நன்று. முதலிற் செருகியைக் கழற்றி, வண்டியிலுள்ள குதையின் 3ஆம் முனைக்கும் ஏனை முனைகள் ஒவ்வொன்றுக்குமிடையே 21 உவாற்றுக் குமிழொன்றை இணைத்து, உரிய ஆளியை இடுக. அது பிரகாசமாக எரியின் வண்டியிற் பழுதில்லை. பின்னர் செருகியைப் பூட்டி விளக்குகளை இட்டு, பெட்டி விளக்கின் மீள்முனைக்கும் மின்கலவடுக்கின் மறைமுனைக்குமிடையே உவோற்றுமானியை வைத்து நோக்குக. மானி பூச்சியத்துக்கு அண்மையில் நில்லாது 1 உவோற்றுக்கு மேற் காட்டுமாயின் பழுது மீள்வழியிலேயே. ஓம்மானியை மாத்திரம் நம்புதல் தகாது. ஓரிழை எஞ்சிய கம்பியும் அதன் சிற்றோட்டத்தைக் கடத்திவிடும். விளக்கின் ஓட்டத்தைத் தாங்கமாட்டாது. மின்னணுக் கட்டுப்பாடுடைய இக்கால வண்டிகளிற் சோதனைக் குமிழைத் தவிர்த்துக் கைந்நூலின்படி ஒழுகுதல் வேண்டும்.

பழுதான இடத்திற் பச்சைக் களிம்பேறிய கம்பியை நல்ல செம்பு தோன்றும்வரை வெட்டி நீக்குக; இணைப்பிடத்தை உலோகம் பளிச்சிடச் சுரண்டி இறுக்கி, ஈரம் புகாவண்ணம் வசிலின் பூசுக. உருகி அடிக்கடி எரியின் பெரியதொன்றை இடுதல் பெருந்தவறு. அதனால் கம்பியே தீப்பற்றக்கூடும்.

இத்தனைக்கும் வேண்டுவன ஒரு குமிழும், ஒரு மானியும், அரைமணி நேரப் பொறுமையுமே. வகுப்பறையிற் கற்ற ஓமின் விதி வீதியில் ஓருயிரைக் காக்குமாயின், அக்கல்வி பயனுடைத்து.