ஒரே சுவரும் இரண்டு வூஃபரும்

இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் அதிரும் ஒலி ஒரு காலத்தில் விடியற்காலைக்கு உரியதாக இருந்தது. இருட்டு விலகுமுன் தப்பு அடிப்பார்கள். அதைக் கேட்டு எழுந்து, சாயத்தண்ணி குடித்து, கூடையை மாட்டிக்கொண்டு, பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். பசறையிலும் மடுல்சீமையிலும் மலை மடிப்புக்குள் அடங்கிய, சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளான லயங்களில் அந்த அடிக்குத் தப்பிய காது இல்லை. உடம்பு முடியாதவருக்கும், இரவெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விழித்திருந்தவளுக்கும் அது ஒரே மாதிரித்தான் கேட்டது.

அதே தப்பு மாசி மாதத்தில் வேறொன்றாகிவிடும். காமன் கூத்து தொடங்கிவிட்டால் லயத்து வாசலே அரங்கு. ரதியும் மன்மதனும் ஆட, தப்போடு உறுமியும் சேரும். அந்த மேளத்தைக் கூர்ந்து கேட்டவர்களுக்கு ஒன்று தெரியும்: அதில் இரண்டு கருவிகள் ஒரே அளவில் இருந்ததில்லை. ஒரு தப்பின் வட்டம் பெரியது, மற்றதன் தோல் தடித்தது, இன்னொன்று பனியில் நனைந்து தளர்ந்து கிடக்கும். வைக்கோலையோ காய்ந்த தேயிலைக் கிளையான மிலாறையோ கொளுத்தி, தோலை அனலில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காட்டுவார்கள். ஒன்றின் குரல் மற்றதன் குரலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்வரை கூத்து தொடங்காது. பெரிய தப்பு முந்திக்கொண்டால் மூத்தவர் கையமர்த்துவார். பொருந்தாத கருவிகளைப் பொருத்தும் அந்தச் செவி எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்றதல்ல.

ஆனால் அந்தக் காலத்தை வெறும் ஏக்கத்தோடு நினைக்க என்னால் முடியாது. தப்படிப்பது குறிப்பிட்ட சில குடும்பங்களின் தலையில் சாதியாகச் சுமத்தப்பட்டிருந்தது. சாவு வீட்டுக்கு அடிக்கச் சொல்லி ஏவப்பட்டவர்களின் பிள்ளைகள், படித்ததும் அந்தக் குச்சியைத் தொட மறுத்தார்கள். அது நியாயமான மறுப்பு. இன்று இளைஞர்கள் தாமாகவே விரும்பி மேடையில் தப்பெடுக்கிறார்கள் என்றால், அது அந்த மறுப்புக்குப் பிறகு வந்த விருப்பம்.

பிறகு வானொலி வந்தது. இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்களின் குரல், லயத்து அறையான காம்பரா ஒன்றில் ஒலித்தால் லயம் முழுவதற்கும் போதுமாக இருந்தது. 1977க்குப் பின் இறக்குமதி திறந்ததும் கசெட் செட்டுகள் வந்தன. மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போன பெண்கள் பெட்டியோடு கொண்டுவந்தவையும் அவற்றில் உண்டு. 1982இல் ரூபவாஹினி தொடங்கியது. டிவி வைத்திருந்த வீட்டின் வாசலில் பாதி லயம் குந்தியிருந்து பார்த்தது. ஒலி மெல்ல மெல்ல வாசலிலிருந்து உள்ளே போனது.

இன்று அது முற்றாக உள்ளே போய்விட்டது. ஹாலி-எலவிலும் லுணுகலையிலும் லயத்துக் கூரை தோறும் டிஷ் இருக்கிறது. பல காம்பராக்களில் டிவிக்குக் கீழே, தாழ்ந்த ஒலியை அதிரவைக்கும் ஒரு வூஃபர் பெட்டி இருக்கிறது. சிலவற்றில் இரண்டு. அந்த இரண்டும் ஒரு சோடியாக வந்தவை அல்ல. ஒன்று கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகன் தீபாவளிக்குக் கொண்டுவந்த செட்டோடு சேர்ந்தது. மற்றது டவுனில் வாங்கிய ஜப்பான் பழைய சாமான்; நூறு வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதால் 230 வோல்ட்டைக் குறைக்க ஒரு டிரான்ஸ்போமரும் கூடவே வேண்டும். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்பதே நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் வந்தது. அப்படிப்பட்ட வருமானத்தில் ஒரே ரக வூஃபர் இரண்டை ஒரே நாளில் வாங்க வழியில்லை. 2020இல் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடும், ஒரு நாளில் 13 மணிநேரம்வரை மின்சாரம் நின்ற 2022ஆம் ஆண்டு நெருக்கடியும் கிடைத்ததை வாங்கிப் பழுதுபார்த்து வைத்துக்கொள்ளும் பழக்கத்தை இன்னும் இறுக்கின.

வூஃபரின் தனிப்பெருமை திரையரங்கில் தொடங்கியது. 1974இல் ‘எர்த்குவேக்’ படத்துக்காக யுனிவர்சல் நிறுவனம் அரங்குகளில் ராட்சத வூஃபர்களை இறக்கி நிலநடுக்கத்தை உடம்பில் உணர வைத்தது. 1992இல் டால்பி டிஜிட்டல் வந்தபோது அதிர்வுக்கென்றே ஒரு தனித் தடம் ஒதுக்கப்பட்டது, 5.1 என்பதில் புள்ளிக்குப் பின்னுள்ள ஒன்று அதுதான். பெரிய அரங்குக்காக எழுதப்பட்ட அந்தத் தடம், பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தக் காம்பரா அதை எப்படி ஏற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 1125 அடி ஓடுகிறது. பன்னிரண்டடி நீளத்தில் இரு சுவருக்கும் இடையே அது மோதித் திரும்பும்போது 47 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு முழக்கம் தேங்கும். பத்தடி அகலத்தில் அது 56. தகரக்கூரையும் பலகைக் கதவும் கொஞ்சத்தை வெளியே விட்டாலும், மீதி உள்ளேயே நிற்கும். சுவரோரம் கட்டிலில் சாய்ந்திருப்பவருக்கு அந்த 47 நெஞ்சில் குத்தும். காம்பராவின் நடுவில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அதே நொடியில் அது ஏறக்குறைய மறைந்துவிடும். ஆகவே தகப்பன் ‘போதும்’ என்பதும் பிள்ளை ‘கேக்கல’ என்பதும், இரண்டும் உண்மை.

இரண்டாவது வூஃபருக்கு வேலை இருப்பது இங்கேதான். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று வைத்தால், அந்த நீளவாட்டு முழக்கத்தை ஒன்று எழுப்ப மற்றது அடக்கும். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்ட்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு, சதுர, செவ்வக அறைகளில் வூஃபரை எத்தனை, எங்கே வைப்பது என்று அலசியது. எதிர்ச்சுவர் நடுப்புள்ளிகள் நல்ல இடம் என்று அது காட்டியது. ஆனால் அந்தக் கணக்கு ஒத்த பெட்டிகளுக்கானது. நம் காம்பராவில் இருப்பவை ஒத்தவை அல்ல.

பொருந்தாமையில் மோசமானது அளவு வித்தியாசம் அல்ல, பெட்டியின் வகை. ஒன்று முழுக்க மூடியது, மற்றது காற்றுத்துளை உள்ளது என்றால் சிக்கல். துளையுள்ள பெட்டி ஒரு குறிப்பிட்ட சுருதிவரை பலமாக முழங்கி, அதற்குக் கீழே சட்டென்று விழும். மூடிய பெட்டி மெல்லச் சரியும். அந்த எல்லைக்குப் பக்கத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் காற்றைத் தள்ளுவதில்லை. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். காசைச் செலவழித்து இரண்டாவதை வாங்கியும் சத்தம் குறைந்துவிட்டதே என்று தவிக்கும் பையன்களுக்கு நடந்தது இதுதான்.

பழுதான பெட்டி என்று விற்றுவிடுமுன் செய்ய வேண்டியது உண்டு. போனில் 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை மட்டும் எடுத்து, மெதுவாக ஓட விட வேண்டும். முதலில் ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டு, சின்னதன் சக்திக்குப் பெரியதைக் குறைக்க வேண்டும். பெரியதன் அளவுக்குச் சின்னதை உயர்த்தினால் அது கரகரத்துக் கிழியும். பிறகு இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, பின்னால் இருக்கும் ‘ஃபேஸ்’ (phase) சுவிட்சை ஒன்றில் மட்டும் 0, 180 என்று மாற்றி, உட்காரும் இடத்தில் எது நிறைவாகக் கேட்கிறதோ அதில் விட வேண்டும். சுவிட்ச் இல்லாத பெட்டிக்கு ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கர் வயர் போகிறது என்றால், ஒன்றின் கூட்டல் கழித்தல் வயரை மாற்றினால் அதே வேலை. அப்படியும் ஒட்டாவிட்டால் பெட்டியை நகர்த்த வேண்டும். ஒரு மீட்டர் தூரம் 50 ஹெர்ட்ஸில் ஏழில் ஒரு பங்கு அலைக்குச் சமம். அந்தக் காம்பராவில் நகர்த்த இடம் ஏது என்பது சரியான கேள்வி. அரிசிச் சாக்கை ஒரு முழம் தள்ளி வைப்பதுகூட அங்கே கணக்கில் வரும்.

தப்பை அனலில் காட்டிய முதியவருக்கு இந்தப் பொறுமை புரிந்திருக்கும். அவருடைய பேரன்களில் கணிசமானவர்கள் வால்யூமை மட்டும் திருகுகிறார்கள் என்பது என் வருத்தம்.

ஏனென்றால் சுவர் மாறவில்லை. பொதுச் சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் வாழ்கிறது. வசனத்தைச் சுவர் ஓரளவு தடுக்கும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை 28 அடி நீளம், அதை எந்த லயத்துச் சுவரும் நிறுத்தாது. இந்தப் பக்கம் படம் ஓடினால் அந்தப் பக்கம் வெறும் இடி மட்டும் கேட்கும், கதை கேட்காது. கூத்தின் தப்பு எல்லோருக்குமான கதையோடு வந்தது. இது அப்படி வருவதில்லை. ‘அண்ணே, கொஞ்சம் கொறைச்சு வைங்க, புள்ள ஸ்கொலர்ஷிப்புக்குப் படிக்குது’ என்று கதவில் வந்து நிற்கும் அக்காவுக்கு முன்னால் சட்டமும் பெரிதாக உதவாது. 2007இல் உயர்நீதிமன்றம் இரவு பத்து முதல் காலை ஆறுவரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தியது பொது இடத்துச் சத்தத்தை மனதில் வைத்து. காம்பராவுக்குள் இருக்கும் பெட்டியைப் பக்கத்து வீட்டார்தான் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. பெட்டிக்கடியில் தடித்த ஸ்பொஞ்ச் போடலாம், இரவு ‘நைட் மோட்’ வைக்கலாம். முழக்கம் சரியாக அடக்கப்பட்ட இரண்டு பெட்டிகளை, மூலையில் திணித்த ஒரு பெட்டியைவிடக் குறைந்த சத்தத்தில் வைத்தாலே போதும் என்பதும் உண்மை. பரீட்சைக் காலத்தில் அதுவே பெரிய உதவி.

சுவர் மாறத் தொடங்கிய இடங்களும் இருக்கின்றன. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு, தப்பிய மக்கள் தனி வீடுகளுக்குப் போனார்கள். இந்திய வீடமைப்புத் திட்டத்திலும் தனித்தனி வீடுகள் எழுகின்றன. பெரும்பாலானோர் இன்னும் லயத்தில்தான் இருக்கிறார்கள்; தனி வீடு கிடைத்தவருக்கு நான்கு பக்கமும் சொந்தச் சுவர். லயத்திலிருந்து தூக்கிவந்த அதே இரண்டு பெட்டிகளையும் அங்கே முதலிலிருந்து பொருத்த வேண்டும். அறையின் நீளம் வேறு, கூரை வேறு, முழக்கம் தேங்கும் இடமும் வேறு. பழைய காம்பராவில் 180இல் விட்ட சுவிட்ச் இங்கே 0க்கு வரக்கூடும்.