பெரிய எழுத்தும் பொடி எழுத்தும்

பைக் ரேஸுக்குக் கிளம்பும் மதுரை இளைஞர்கள் டயரில் படிக்க வேண்டியது எது?

மதுரையிலிருந்து திருச்சி போகும் நாலுவழிச் சாலையில், மேலூருக்கு முன்னால் வருகிறது வெள்ளரிப்பட்டி. 1982-ல் தொடங்கிய டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா நிறுவனத்தின் டயர் ஆலை இங்கேதான் இருக்கிறது. இப்போது ‘யூரோகிரிப்’ என்ற பெயரில் கடைக்கு வரும் டூவீலர் டயர்களின் தாய்வீடு இது. நகரத்தின் இன்னொரு முனையில், கோச்சடையில், சுந்தரம் இண்டஸ்ட்ரீஸ். தேய்ந்த லாரி, பஸ் டயர்களுக்குப் புது ரப்பர் போடும் ரீட்ரெட் தொழிலில் பழைய பெயர். ரப்பர் வாசனை மதுரைக்குப் புதிதல்ல.

ஆனாலும், எந்த மெக்கானிக் கடை வாசலிலும் ஒரு சண்டை ஓயவே ஓயாது. “எம்.ஆர்.எஃப். மாதிரி வருமா?” என்பார் ஒருவர். “மிஷ்லின் போட்டுப் பாரு, அப்புறம் பேசு” என்பார் இன்னொருவர். இந்த வாக்குவாதம் நடக்கிற இடத்திலேயே, டயரின் நடுப்பகுதி சப்பையாகத் தேய்ந்த ஒரு பல்சர் நின்றுகொண்டிருக்கும். ஞாயிறு விடிகாலை அழகர்கோயில் சாலையிலோ சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளிலோ சாயப்போகிற வண்டி அது.

டயரின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி பெயர். உயிரைக் காப்பாற்றும் விஷயங்கள் எல்லாம் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கின்றன.

ரோடு வேறு, ட்ராக் வேறு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். பொதுச் சாலையில் பந்தயம் விடுவது குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறை சிக்கினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. ரிங் ரோட்டில் எதிரே வருவது டிராக்டராகவும் இருக்கலாம், ஆட்டு மந்தையாகவும் இருக்கலாம். அங்கே எந்த டயரும் காப்பாற்றாது.

முறையாகப் பந்தயம் ஓட்ட விரும்புகிறவருக்கு மதுரையில் தளம் கிடையாது. கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேதான் கிட்டத்தில் இருப்பது. அதுவே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். அடுத்தது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை. 1953-ல் பிறந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் ஆண்டுக்கணக்கில் பந்தயம் நடத்திவிட்டு, 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தளம் அமைத்தது. இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பின் உரிமம் வாங்கி, ‘நோவிஸ்’ பிரிவில் தொடங்குவதுதான் புதியவர்களுக்கான வாசல்.

எல்லோருக்கும் ஒரே டயர்

அந்த வாசலுக்குள் நுழைந்ததும் மெக்கானிக் கடைச் சண்டை பாதி அடங்கிவிடும். காரணம், பல பந்தயப் பிரிவுகளில் டயரை அமைப்பாளர்களே தீர்மானித்துவிடுகிறார்கள். தேசிய பைக் பந்தயமே பல ஆண்டுகள் எம்.ஆர்.எஃப். பெயரைத் தாங்கி நடந்திருக்கிறது. உலக அரங்கில் மோட்டோ ஜிபி-யிலும் இதே கதைதான். 2009 முதல் 2015 வரை பிரிட்ஜ்ஸ்டோன் மட்டும். 2016-லிருந்து மிஷ்லின் மட்டும். எல்லோர் காலிலும் ஒரே செருப்பு. பிறகும் ஒருவர் ஜெயிக்கிறார், ஒருவர் சரளையில் புரள்கிறார் என்றால், வித்தியாசம் பெயரில் இல்லை.

பெரிய கம்பெனி என்பதே உத்தரவாதமும் அல்ல. 2013-ல் ஆஸ்திரேலியாவின் பிலிப் ஐலண்ட் தளத்தில் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். அந்தத் தரையில் பிரிட்ஜ்ஸ்டோன் டயர்கள் முழுப் பந்தயத்துக்குத் தாங்காது என்பது பயிற்சியின்போதே தெரிந்தது. பந்தயத்தை 19 சுற்றாக வெட்டி, நடுவில் கட்டாயம் வண்டி மாற்ற வேண்டும் என்று விதி போட்டார்கள். கணக்குத் தவறி ஒரு சுற்று தாமதமாக வண்டி மாற்ற உள்ளே வந்த வீரர் மார்க் மார்க்கெஸ் பந்தயத்திலிருந்தே நீக்கப்பட்டார். தரை மாறினால் டயரின் குணமும் மாறும். உலகத்தின் தலைசிறந்த அணிகளும் அதைத் தரையில் இறங்கித்தான் தெரிந்துகொள்கின்றன.

பொடி எழுத்தைப் படிப்போம்

நம்மூர் 150, 200 சிசி பைக்குகளின் பின் டயரில் ‘130/70-17 62பி’ என்பதுபோல இருக்கும். 130 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது. 17 என்பது ரிம்மின் அங்குல அளவு. 62 என்றால் அந்த டயர் 265 கிலோ சுமக்கும். ‘பி’ என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வரை தாங்கும். ‘எஸ்’ 180, ‘ஹெச்’ 210. ‘பி’ டயரைப் போட்டுக்கொண்டு நேர்பாதையில் 160-ஐத் தொட ஆசைப்படுகிறவர், டயர் தாங்க மாட்டேன் என்று எழுதியே கொடுத்த வேலையை அதன் தலையில் கட்டுகிறார்.

இன்னொரு மோகம், குண்டு டயர். 130 போட வேண்டிய ரிம்மில் 150 ஏற்றினால் பார்க்க மிடுக்காகத்தான் இருக்கும். ஆனால் குறுகிய ரிம் அகல டயரை இரண்டு பக்கமும் நெருக்க, டயரின் வளைவே மாறிவிடும். வண்டி சாய்வதற்கு முரண்டு பிடிக்கும். சாய்ந்தபின் தரையைத் தொடும் ரப்பரும் நினைத்த இடத்தில் இருக்காது. முன்னால் சாதா டயர், பின்னால் ரேடியல் என்று இஷ்டத்துக்குக் கலப்பதும் இதே ரகம். வண்டிக் கம்பெனி அனுமதித்த ஜோடியைத் தவிர வேறு வேண்டாம்.

அடுத்து, ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம். ‘1823’ என்றால் 2023-ம் ஆண்டின் 18-வது வாரத்தில் பிறந்த டயர். மதுரையில் இந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம். 40 டிகிரியைத் தொடும் வெயிலில் நாளெல்லாம் நிற்கிற டயரின் ரப்பர் இறுகும். ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விழும். வரிகள் ஆழமாக இருந்தாலும் பிடிமானம் போயிருக்கும். வெளிநாட்டு டயர் தேடுகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. கிடைப்பது அரிதாகும்போது, கிடங்கில் கிடந்த சரக்கும் புதுசு என்றே கைக்கு வரும். பேரைப் பார்த்துப் பணம் கொடுப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள்.

இருசக்கர வாகனத்துக்குச் சட்டம் கேட்கும் வரி ஆழம் குறைந்தபட்சம் 0.8 மில்லிமீட்டர். அது சாலையில் ஓடுவதற்கான கடைசிக் கோடு; ட்ராக்கில் சாய்வதற்கான அளவுகோல் அல்ல. தினமும் நேர்ச்சாலையில் ஆபீஸ் போய்வந்த டயர் நடுவில் தட்டையாகி, ஓரத்தில் விளிம்பு கட்டியிருக்கும். அந்த விளிம்பைத் தாண்டும் கணத்தில் வண்டி திடீரென்று விழுவதுபோல் சாயும். ரீட்ரெட் லாரிக்கும் பஸ்ஸுக்கும் சரி, பைக்குக்கு ஆகாது. பஞ்சருக்கு ஸ்ட்ரிப் சொருகிய டயரும் வீடு திரும்ப உதவும், ட்ராக்குக்கு உதவாது.

எழுதாத விஷயம் காத்து

டயரில் எழுதியிருப்பதைவிட அதற்குள் இருப்பது முக்கியம். பெட்ரோல் பங்க்கில் “எவ்வளவுண்ணே?” என்று கேட்டு, “போதும்ணே” என்று முடிகிற விவகாரம் அல்ல இது. டயர் 10 டிகிரி சூடேறினால் உள்ளே அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். காலையில் குளிர்ந்த டயரில் அளந்த காற்று, மத்தியானம் நாலு சுற்று ஓடியபின் வேறு அளவில் நிற்கும். காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்பது பாதி உண்மை. அளவுக்கு மீறிக் குறைத்தால் டயர் நெளிந்து நெளிந்து கொதிக்கும். மோட்டோ ஜிபி-யில் 2023-ல் முன் டயருக்குக் குறைந்தபட்சம் 1.88 பார் அழுத்தம் என்று கறாராக விதித்து, மறு ஆண்டு 1.80 ஆக்கினார்கள். மீறினால் தண்டனை. உலக சாம்பியனுக்கே காற்றை அளந்துதான் கொடுக்கிறார்கள்.

எனவே சொந்தமாக ஒரு நல்ல கேஜ் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். வால்வுக்கு உலோக மூடி போடுங்கள். அதிவேகத்தில் உள்ளே இருக்கும் ஊசி அசைந்தாலும் காற்று இறங்காது. புது டயரின் வழவழப்புப் போகும்வரை நிதானமாக ஓட்டுங்கள். முதல் இரண்டு சுற்றில் பாம்புபோல் வளைந்து ஓட்டுவதால் டயர் பெரிதாகச் சூடேறாது. ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும்தான் சூடேற்றும். ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் அழுத்தத்தைக் குறித்துவையுங்கள். அந்த நோட்டுப் புத்தகம் எந்த விளம்பரத்தையும்விட உங்கள் வண்டியைப் பற்றி அதிகம் சொல்லும்.

பைக்குக்கும் பூமிக்கும் நடுவே இருப்பது இரண்டு உள்ளங்கை அகல ரப்பர். அடுத்த முறை வெள்ளரிப்பட்டியைக் கடக்கும்போது ஓரமாக வண்டியை நிறுத்துங்கள். குனிந்து உங்கள் டயரைப் பாருங்கள். பெரிய எழுத்து எப்படியும் கண்ணில் படும். பொடி எழுத்தைப் படிக்க மண்டியிட வேண்டும்.