டால்டனின் கண்கள்

பிற்காலத்தில் அணுக் கொள்கையால் உலகப் புகழ் பெற்ற ஜான் டால்டன், 1792ஆம் ஆண்டில் ஒருநாள் இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜெரேனியம் பூவொன்றைப் பார்த்தபோது, பகலில் தமக்கு வானத்தின் நீலமாகத் தோன்றிய அதே மலர் நீலத்தின் சாயலே இன்றிச் சிவந்து விளங்குவதைக் கண்டு வியப்புற்றார். நண்பர்களிடம் காட்டினார், இரவானாலும் பகலானாலும் நிறம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அவர்கள் சொல்ல, அவருடைய சகோதரர் மட்டுமே அவர் கண்டபடி கண்டார். விசேஷம் பூவில் இல்லை, தம் கண்ணில்தான் இருக்கிறது என்று தெளிந்த டால்டன், 1794இல் மான்செஸ்டர் இலக்கிய தத்துவ சங்கத்தில் அதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார்.

நம் விழித்திரையில் வர்ணங்களை அறியும் கூம்பு வடிவ உயிரணுக்கள் மூன்று வகைப்படும். ஒளியின் நீண்ட அலைகள், நடுத்தர அலைகள், குறுகிய அலைகள் ஆகியவற்றுக்கு அவை வெவ்வேறு அளவில் கிளர்ச்சியுற, அந்தக் கிளர்ச்சிகளை ஒப்பிட்டே மூளை எண்ணற்ற வர்ணங்களை வகுத்துக்கொள்கிறது. இவற்றுள் நீண்ட அலைக்கோ நடுத்தர அலைக்கோ உரிய வகை இல்லாது போனாலும், அதன் நிறமி மாறி அமைந்தாலும், உலகம் கறுப்பு வெள்ளையாகிவிடுவதில்லை. நீலமும் மஞ்சளும் துலக்கமாகவே தெரிய, சிவப்பும் பச்சையும் பழுப்பும் மட்டும் ஒன்றோடொன்று மயங்கும். நீண்ட அலைக்கும் நடுத்தர அலைக்கும் உரிய இவ்விரு நிறமிகளின் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்க, ஆணுக்கு அக்குரோமோசோம் ஒன்றே வாய்ப்பதால், வட ஐரோப்பிய வமிசத்தவரில் ஆடவர் நூற்றுக்கு 8 பேர் வரை இக்குறை காணப்படுகையில், மகளிரில் அது இருநூற்றுக்கு ஒருவர் அளவிலேயே நிற்கிறது. தாத்தாவின் குறை மகளிடம் வெளிப்படாமல் பேரனிடம் தலைகாட்டுவதும் இதனால்தான்.

தம் கண்ணினுள் இருக்கும் திரவம் நீலம் பாய்ந்தது என்று நம்பிய டால்டன், மரணத்துக்குப் பின் அதைச் சோதிக்கும்படி சொல்லிவைத்தார். 1844இல் அவர் காலமானதும், வைத்தியர் ரான்ஸம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். திரவம் தெளிந்த நீராகவே இருந்தது. மற்றொரு கண்ணின் பின்புறத்தில் துவாரமிட்டு அதன் வழியே நோக்கியபோது, சிவப்பும் பச்சையும் வைத்தியருக்கு வேறுவேறாகவே தெரிந்தன. எஞ்சிய திசுக்கள் சங்கத்தில் பேணப்பட்டுவர, 1995இல் அவற்றின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், நடுத்தர அலைக்குரிய நிறமியின் மரபணு டால்டனிடம் இல்லை என்று நிறுவினர். தம் கொள்கை தவறாயினும், அதைப் பரிசீலிக்கத் தம் கண்களையே தந்த அந்த நேர்மை வணங்கத் தக்கது.

இக்குறைக்குப் பரிகாரம் உண்டா? சிவப்பும் பச்சையும் மயங்கும் அலைவரிசையை மட்டும் வடிகட்டும் வர்ணக் கண்ணாடிகள், நிறமி மாறியமைந்த சிலருக்கு வேறுபாட்டை எடுத்துக்காட்டுகின்றன. ஆனால் இல்லாத உயிரணுவை எந்தக் கண்ணாடியும் உண்டாக்காது. மெய்யான நம்பிக்கை வேறிடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் நைட்ஸ் தம்பதியரும் அவர்கள் குழுவினரும், பிறவியிலேயே சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத அணில் குரங்குகளின் விழித்திரையில், தீங்கற்ற வைரஸ் ஒன்றின் மூலம் மனித நிறமியின் மரபணுவைச் செலுத்தினர். சோதனையின்போது, திரையில் சாம்பற் புள்ளிகளின் நடுவே வர்ணப் புள்ளிகளை அவை தொட்டால் பழரசம் கிடைக்கும். சில மாதங்களில், முன்பு தடுமாறிய வர்ணங்களையும் அவை சரியாகத் தொடலாயின. 2009இல் இதனை வெளியிட்ட அவர்கள், ஒரு குரங்குக்கு டால்டன் என்றே பெயரிட்டிருந்தனர். மனிதரின் சிவப்பு பச்சை மயக்கத்துக்கு இம்முறை இன்னும் சிகிச்சையாக வரவில்லை. ஆயினும் வளர்ந்துவிட்ட மூளையும் புதியதொரு வர்ணத்தைக் கற்றுக்கொள்ளும் என்பதற்கு அக்குரங்குகள் சாட்சி.