நறுக்கிப் பார்த்த காலம்

குளத்து நீரைப் பச்சையாக்கும் யூக்ளினாவுக்கு 1830இல் பெயர் வைத்த எரென்பெர்க், அதன் முன்முனையிலுள்ள செம்புள்ளியை மெய்யான கண் என்றே நம்பினார். பெயருக்குள்ளும் ஒரு கண் இருக்கிறது. அன்று வகைப்படுத்தக் கிடைத்தவை வெளித்தோற்றங்கள்தாம்: பச்சையா நிறமற்றதா, தெரியும் கசையிழை ஒன்றா இரண்டா, உடல் நெளிகிறதா விறைத்து நிற்கிறதா. பசுமையைக் கண்ட தாவரவியலார் பாசி என்றனர். நீந்துவதைக் கண்ட விலங்கியலார் புரோட்டோசோவா என்றனர். நம் கல்லூரிகளில் இரண்டு வகுப்புகளிலும் அதைப் படித்தவர்கள் உண்டு.

எலக்ட்ரான் நுண்ணோக்கி இந்த வழக்கை உடலுக்குள் கொண்டுபோனது. அதற்கு உயிர் உயிராக இருக்கக்கூடாது. செல்லை ஆஸ்மியம் டெட்ராக்சைடில் பதப்படுத்தி, பிசினில் இறுகவைத்து, கண்ணாடிக் கத்தியாலோ வைரக் கத்தியாலோ சுமார் 70 நானோமீட்டர் தடிமனில் சீவ வேண்டும். 100 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஒரு செல்லைக் குறுக்கே முழுதாகச் சீவினால் 1,400 சீவல்களுக்கு மேல் வரும். நடுவில் சில வீணானால், கசையிழையின் வேர் எந்தப் பக்கம் திரும்பியது என்ற தடம் அறுந்துவிடும்.

அந்தப் பொறுமைக்குக் கூலி கிடைத்தது. மேற்சவ்வின் அடியில் ஒன்றையொன்று கவ்வியபடி சுற்றிச் செல்லும் புரதப் பட்டைகள் தெரிந்தன. யூக்ளினா கிராசிலிஸில் ஏறத்தாழ 40. பசுங்கணிகத்தைச் சுற்றி மூன்று சவ்வுகள் இருந்தன, தாவரங்களில் இரண்டுதான். என்றோ விழுங்கிய பசும்பாசியின் மிச்சமே அது என்று 1978இல் சாரா கிப்ஸ் வாதிட்டார். கசையிழைக்குள் நுண்குழல்களை ஒட்டி ஓடும் தண்டும், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வட்டத் தட்டுகளாய் நிற்கும் மடிப்புகளும் தூக்கநோய் தரும் டிரிப்பனோசோமாவிலும் இருந்தன. குளத்துப் பச்சைக்கும் ரத்தத்து ஒட்டுண்ணிக்கும் உறவு! வெளியே நின்று பார்த்தவருக்குத் தோன்றக்கூடியதா அது?

இன்று ஒரே ஒரு செல்லை நுண்குழாயால் உறிஞ்சியெடுத்து ரைபோசோம் மரபணுவைப் படித்துவிடலாம். கத்தி கண்ட பெரிய உறவுகளை மரபணுவும் ஒப்புக்கொண்டது. இடைநிலையில்தான் சுவர்கள் சரிந்தன. யூக்ளினாக் கூட்டத்தை 1967இல் லீடேல் வகுத்த ஆறு வரிசைகளில், நிறமற்ற வேட்டையாடிகளுக்கானவை கலைந்தன. நிறமற்ற அஸ்டேசியா லோங்கா இன்று யூக்ளினா லோங்கா; ஒளிச்சேர்க்கையை இழந்தும் சுமார் 73,000 எழுத்துள்ள கணிக மரபுத்தொகுதியை அது இன்னும் சுமக்கிறது. பச்சை உறவான கிராசிலிஸில் அது 143,000. நிறத்தை நம்பிப் பிரித்தது பிழைதான்.

ஆனால் சேற்றிலிருந்து நேரே படித்தெடுக்கும் மரபணுத் தொடர்களில் எழுத்து இருக்கிறது, உடல் இல்லை. எத்தனை பட்டை, எதைத் தின்னும், எப்படி விழுங்கும் என்று அதைக் கேட்க முடியாது. எனக்கு இது முகம் தெரியாத உறவினர் பட்டியல்போலவே படுகிறது.

லீடேலும் வேறு இருவரும் சேர்ந்து 1965இல் அக்கறையோடு சீவிப் பார்த்த உயிர் யூக்ளினா ஸ்பைரோகைரா. மரபணுச் சான்றை வைத்து 2003இல் மாரினும் மெல்கோனியனும் அதை லெபோசின்க்ளிஸ் பேரினத்துக்கு மாற்றினார்கள். 1965 கட்டுரையின் தலைப்பிலுள்ள பெயர் இன்று செல்லாது. உள்ளே விவரித்த உடல், பட்டைகளின்மேல் வரிசைகட்டிய பருக்கள் உட்பட, அப்படியே இருக்கிறது.